பாய்மரப் படகை எஞ்சினில் பின்னோக்கி ஓட்டுவது எப்படி?

எஞ்சினை ரிவர்ஸில் போட்டதும் படகின் பின்முனை நேராகப் போகாமல் ஒரு பக்கமாக நழுவும். சுக்கானை எப்படித் திருப்பினாலும் கேட்காது. புதிதாகப் பழகுபவர்கள் திணறுவது இங்கேதான். படகில் கோளாறு ஏதுமில்லை. காரணம் புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

(கீழே இடது, வலது என்பதெல்லாம் படகின் முன்முனையைப் பார்த்து நிற்பவருடைய இடது, வலது.)

முன்னே போகும்போது ப்ரொப்பெல்லர் தள்ளும் நீர் நேராகச் சுக்கான் மேல் பாய்கிறது. அதனால் படகு நகராதபோதும் சுக்கான் வேலை செய்யும். ரிவர்ஸில் அந்த நீர் படகின் அடிப்பக்கம் நோக்கிப் போய்விடுகிறது. படகே பின்னால் நகர்ந்து, அதனால் நீர் சுக்கானை உரசிச் சென்றால்தான் பிடி கிடைக்கும். அதுவரை சுக்கான் வெறும் பலகை.

அந்த இடைவெளியில் ப்ரொப்பெல்லரின் பக்கத்தள்ளல் ஆட்சி செய்கிறது. பின்னாலிருந்து பார்த்தால், முன்னே போகும்போது கடிகார முள் திசையில் சுழல்வது வலச்சுற்று ப்ரொப்பெல்லர். ரிவர்ஸில் அது மறுபக்கம் சுழன்று, வலப்புறம் நீரை மேல்நோக்கி வீசிப் படகின் உடலில் மோதவைக்கும். அதனால் பின்முனை இடப்பக்கம் போகும். ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டு சரிந்திருக்கும் படகுகளில் இது அதிகம். செயில் டிரைவ் (எஞ்சினிலிருந்து படகின் அடிவழியே நேர்கீழே இறங்கும் காலில் ப்ரொப்பெல்லர் பொருத்திய அமைப்பு) உள்ள படகுகளில் தண்டு கிடைமட்டமாக இருப்பதால் குறைவு.

படி 1: கட்டிய நிலையிலேயே சோதியுங்கள்
கயிறுகள் இறுக்கமாக இருக்கும்போது குறைந்த வேகத்தில் ரிவர்ஸ் போட்டு, இரு பக்கமும் நீரைப் பாருங்கள். எந்தப் பக்கம் நீர் கொந்தளிக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் பின்முனை நழுவும். கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான ஒன்று இதுதான்.

படி 2: கயிறுகளை உள்ளே எடுங்கள்
நீரில் தொங்கும் ஒரு கயிறு போதும், ப்ரொப்பெல்லரில் சுற்றி எஞ்சினை நிறுத்திவிடும். பின்னால் சிறு படகு இழுத்து வந்தால் அதன் கயிற்றைக் குட்டையாகக் கட்டுங்கள்.

படி 3: நகரவைத்து, பிறகு திருப்புங்கள்
காற்று குறைந்த நாளில், திறந்த நீரில், மிதக்கும் ஏதாவதொன்றைக் குறியாக வைத்துப் பழகுங்கள்.

சுக்கானை நடுவில் வையுங்கள். படகு முன்னே நகர்ந்துகொண்டிருந்தால் முதலில் நிற்கவிடுங்கள். கியரை மாற்றும்போதெல்லாம் த்ராட்டிலைக் குறைத்து, நியூட்ரலில் இரண்டு மூன்று விநாடிகள் பொறுங்கள். அவசரப்பட்டு மாற்றினால் கியர்பெட்டி பாழாகும்.

இப்போது ரிவர்ஸில் சில விநாடிகள் திடமாக விசை கொடுங்கள். பின்முனை நழுவும், நழுவட்டும். அந்த நேரத்தில் சுக்கானோடு மல்லுக்கட்டுவதால் பயனில்லை. படகு பின்னோக்கி ஓரிரு நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) வேகம் எடுத்ததும் நியூட்ரலுக்கு வாருங்கள். ப்ரொப்பெல்லர் விசை நின்றதும் பக்கத்தள்ளலும் நின்றுவிடும், சுக்கான் உயிர் பெறும். தொடர்ந்து போக வேண்டுமானால் மிகக் குறைந்த விசை போதும். படகு நழுவுகிறதே என்று த்ராட்டிலைக் கூட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. விசை கூடினால் நழுவலும் கூடும்.

சுக்கானைத் திருப்பச் சக்கரம் இருந்தால், அதற்கு முன்னே, படகின் முன்முனை இருக்கும் பக்கம் வந்து, பின்னோக்கிப் பார்த்து நில்லுங்கள். பின்முனை போக வேண்டிய பக்கம் சக்கரத்தைத் திருப்பினால் போதும், கார் ஓட்டுவது போலவே இருக்கும். கைப்பிடிச் சுக்கான் என்றால் பின்முனை போக வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் கைப்பிடியைத் தள்ளுங்கள்.

கவனம்: பின்னோக்கிப் போகையில் நீர், சுக்கானின் பின்விளிம்பில் மோதி அதை ஒரு பக்கமாக மடக்கப் பார்க்கும். பிடி தளர்ந்தால் கைப்பிடி படாரென்று வீசி விலா எலும்பைப் பதம் பார்க்கும். இரு கைகளாலும் பிடியுங்கள், அது வீசும் பாதையில் யாரும் நிற்கக் கூடாது. சிறு சிறு கோணங்களில் திருப்புங்கள். முழுவதும் திருப்பினால் சுக்கான் படகைத் திருப்பாமல் பிரேக் போல நிறுத்திவிடும்.

படி 4: காற்றைக் கணக்கில் கொள்ளுங்கள்
முன்முனைக்கு நீருக்கடியில் பிடிப்பு குறைவு, காற்று அதை எளிதில் தள்ளிவிடும். அதனால் பின்முனை தானாகவே காற்றை நோக்கித் திரும்பும். காற்றை எதிர்த்துப் பின்னோக்கிப் போவது எளிது. பக்கக்காற்றில் போவதுதான் கடினம். அப்போது வேகம் எடுக்க அதிக இடம் விட்டுத் தொடங்குங்கள். திரும்பும்போது முன்முனை அகலமாக வீசும் என்பதால் பின்னால் மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

படி 5: இடம் குறுகினால்
பக்கத்தள்ளல் இங்கே நண்பனாகிவிடும். வலச்சுற்று ப்ரொப்பெல்லர் என்றால் சுக்கானை முழுவதும் வலப்பக்கம் வைத்து (சக்கரம் என்றால் வலப்பக்கம், கைப்பிடி என்றால் இடப்பக்கம்) அப்படியே விடுங்கள். முன்கியரில் ஒரு குறுகிய விசை. பின்முனை இடப்பக்கம் போகும். படகு முன்னே நகரத் தொடங்கும் முன் ரிவர்ஸில் ஒரு விசை; பக்கத்தள்ளலால் பின்முனை மறுபடி இடப்பக்கமே போகும். இப்படி மாற்றி மாற்றிக் கொடுத்தால் படகு நின்ற இடத்திலேயே வலப்பக்கமாகத் திரும்பிவிடும். இடப்பக்கமாக இதே திருப்பம் வராது. ஆகவே எந்தப் பக்கம் திரும்பலாம் என்பதைக் குறுகிய இடத்துக்குள் நுழையும் முன்பே முடிவு செய்யுங்கள்.

முன்முனையிலிருந்து பின்முனைவரை ஓடும் நீண்ட கீல் (படகின் அடியில் நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தகடு போன்ற பகுதி) கொண்ட படகுகள், வேகம் எடுத்த பிறகும் சுக்கானுக்குச் சரியாகப் பணியாது. அவற்றைக் கரையிலிருந்து கயிறு பிடித்துத் திருப்பி, முன்முனை வெளியே பார்த்தபின் முன்கியரில் கிளம்புவதே மேல்.