சோளப் பாம்பின் கூண்டில் வெப்பத்தை அமைக்கும் முறை

வீடுகளில் செல்லமாக வளர்க்கப்படும் நஞ்சற்ற சோளப் பாம்பு (corn snake) தன் உடல் வெப்பத்தை இடம் மாறியே சரிசெய்துகொள்வதால், கூண்டு முழுவதையும் ஒரே அளவில் சூடாக்காமல், ஒரு முனையை 29 முதல் 31 டிகிரி செல்சியஸிலும் மறுமுனையை 23 முதல் 25 டிகிரியிலும் வைத்திருக்க வேண்டும். வெப்ப விரிப்பைப் பயன்படுத்துவோர் அதைத் தரைப்பரப்பின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பரவாதபடி கூண்டின் அடியில், வெளிப்புறமாகப் பொருத்துவது நல்லது. சூட்டைக் குறித்த அளவில் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் எந்த வெப்பக் கருவியையும் இயக்கக் கூடாது. கட்டுப்பாடின்றி விட்டால் விரிப்பின் சூடு பாம்பின் அடிவயிற்றைப் பொசுக்கிவிடும், பாம்போ பல வேளைகளில் அதை உணர்ந்து விலகாமல் அங்கேயே படுத்திருக்கும். தெர்மோஸ்டாட்டின் உணர்முனையை விரிப்புக்கு நேர்மேலே, கூண்டின் தரையில் நிலையாக ஒட்டிவிட்டு, தனியொரு வெப்பமானியாலும் அளவைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். சூடேறும் செயற்கைப் பாறைகளை வாங்கவே வேண்டாம்.

வளர்ந்த பாம்புக்கு ஏறத்தாழ 120 செ.மீ. நீளமுள்ள கூண்டு தேவை. மறைவிடம் ஒன்று மட்டும் இருந்தால், பாதுகாப்புக்காகத் தனக்கு ஒவ்வாத வெப்பத்திலேயே பாம்பு தங்கிவிடக்கூடும் என்பதால், இரு முனைகளிலும் உடல் ஒட்டி அடங்கும் அளவில் ஒவ்வொன்று வைக்க வேண்டும். தேவதாரு மரச்சீவல்களைத் தரையில் பரப்பக் கூடாது. மூடியைப் பூட்டியே வையுங்கள். பாம்பு தப்பிச் செல்லச் சிறு இடுக்கும் போதுமான வழி.