சியோல் செல்லும் இளையோருக்கு: திருப்பயணம் விசுவாசத்தில் வேர்பிடிக்க

2027 ஆகஸ்ட் 3 முதல் 8 வரை தென்கொரியத் தலைநகர் சியோலில், உலகெங்குமிருந்து கத்தோலிக்க இளையோர் திருத்தந்தையோடு கூடிச் செபிக்கும் உலக இளையோர் தினம் நடைபெறவிருக்கிறது. அதற்குப் பெயர் கொடுக்கலாமா என்று பங்குத்தந்தையிடம் விசாரித்துக்கொண்டிருக்கும் இளையோருக்காகவும், அவர்களை அழைத்துச் செல்லும் பொறுப்பாளர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பதிவு, விசா, விமானக் கட்டணம் ஆகியவற்றை உங்கள் மறைமாவட்ட இளையோர் பணிக்குழுவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஊர் திரும்பி ஆறு மாதம் கழிந்த பின்னும் அந்தப் பயணம் உங்கள் விசுவாசத்தில் உயிரோடிருக்க என்ன செய்ய வேண்டும் என்பதே என் அக்கறை. 2023இல் போர்த்துகல் தலைநகர் லிஸ்பனில் நடந்த உலக இளையோர் தினத்துக்குச் சென்று திரும்பியவள் என்ற முறையில், எனக்குப் பயன்பட்டவற்றையும் நான் தவறவிட்டவற்றையும் சொல்கிறேன்.

திருப்பயணம் சுற்றுலா அன்று என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த வேறுபாடு எங்கே இருக்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே தெளிந்துகொள்ளுங்கள். 1984இல், திருச்சபை சிறப்புப் புனித ஆண்டாகக் கொண்டாடிய மீட்பின் யூபிலி ஆண்டு நிறைவுற்றபோது, திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஏறத்தாழ 3.8 மீட்டர் உயரமுள்ள எளிய மரச்சிலுவை ஒன்றை இளையோரிடம் ஒப்படைத்து, அதை உலகெங்கும் எடுத்துச் செல்லுமாறு கேட்டுக்கொண்டார். 1986இல் தொடங்கிய உலக இளையோர் தினத்தோடு அந்தச் சிலுவையும் நாடு நாடாகப் பயணித்து வருகிறது. 2024 நவம்பரில், கிறிஸ்து அரசர் பெருவிழாவன்று, உரோமையில் கொரிய இளையோர் அதைப் பெற்றுக்கொண்டார்கள். ஆகவே புறப்படுமுன் உங்களையே நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது, நான் எந்தச் சிலுவையைச் சுமந்துகொண்டு போகிறேன் என்பதுதான்.

என்னிடம் அதற்கு விடை இருந்தது. தந்தையை இழந்து ஓராண்டு ஆகியிருந்தது. செபமாலையைக் கையில் எடுத்தாலே உள்ளம் இறுகிவிடும். "கடவுளே, நீர் அப்போது எங்கே இருந்தீர்?" என்று ஒரு சிறு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு போனேன். உங்கள் கேள்வி குருத்துவ, துறவற அழைத்தலைப் பற்றியதாக இருக்கலாம். திருமணத்தைப் பற்றியதாகவோ, விட முடியாத ஒரு பழக்கத்தைப் பற்றியதாகவோ இருக்கலாம். எதுவாக இருந்தாலும் மூன்று மாதங்களுக்கு முன்பே அதை எழுதிவைத்து, அன்றாட நற்செய்தி வாசகத்தோடு சேர்த்துச் செபியுங்கள். பத்துக் கேள்விகள் வேண்டாம், ஒன்றே போதும். அதே நோட்டின் கடைசிப் பக்கங்களில், வர இயலாதவர்களின் மன்றாட்டுகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் கேட்டால் நோயாளிகள், பிள்ளைப்பேறு வேண்டுவோர், வேலை தேடுவோர் என்று பலரும் தருவார்கள். அந்தப் பக்கங்கள் உங்களோடு இருக்கும்வரை, எனக்காக மட்டும் போகிறேன் என்ற எண்ணம் தலைதூக்காது.

போகும் நாட்டின் விசுவாச வரலாற்றைப் படித்துவிட்டுப் போவது நான் வலியுறுத்த விரும்பும் மற்றொன்று. லிஸ்பன் எனக்கு அந்நிய நகரமாகத் தோன்றாததற்குக் காரணம் புனித அருளானந்தர். 1647இல் அந்த நகரில் பிறந்து, மதுரை மறைப்பணித்தளத்துக்கு வந்து, 1693இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்த அவர், 2023 உலக இளையோர் தினத்தின் பாதுகாவலர்களுள் ஒருவராகவும் அறிவிக்கப்பட்டிருந்தார். ஓரியூரின் செம்மண்ணை மிதித்த கால்களோடு அவர் பிறந்த ஊரின் கற்தெருக்களில் நடந்தபோது, விசுவாசத்துக்காக உயிரையே கொடுக்கும் மறைசாட்சியம் என்ற சொல் எனக்கு முதன்முறையாகப் பொருள்பட்டது.

கொரியாவுக்கும் அத்தகைய வரலாறு உண்டு. அங்கே திருச்சபையைத் தொடங்கியவர்கள் மறைப்பணியாளர்கள் அல்லர், குருக்களோ துறவிகளோ அல்லாத பொதுநிலையினர். சீனாவிலிருந்து வந்த நூல்களைப் படித்து உண்மையைத் தேடிய அறிஞர்களுள் ஒருவர் 1784இல் பெய்ஜிங்கில் திருமுழுக்குப் பெற்றுத் திரும்பி மற்றவர்களுக்கும் திருமுழுக்கு அளித்தார். குருவே இல்லாத நிலையில் ஒரு திருக்கூட்டம் உருவாயிற்று. முதல் கொரியக் குருவான புனித அந்திரேயா கிம் 1846இல் கொல்லப்பட்டார். அவரும் தோழர்களுமாக 103 பேர் 1984இல் சியோலிலேயே புனிதர்களாக அறிவிக்கப்பட்டனர். 2014இல் திருத்தந்தை பிரான்சிஸ் மேலும் 124 பேருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டத்தை அங்கேயே அளித்தார். நகருக்குள்ளேயே மறைசாட்சிகளின் திருத்தலங்கள் உள்ளன. கடைத்தெருவுக்கு ஒதுக்கும் ஒரு மாலையை அவற்றுள் ஒன்றுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

உடலைப் பழக்கும் வேலை எளிது. வேளாங்கண்ணிக்கு நடந்து சென்றவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்கள் பழகிய காலணியோடு தினமும் சில கிலோமீட்டர் நடந்து பாருங்கள். ஆகஸ்டில் சியோல் வெக்கையும் மழையுமாக இருக்கும்.

அங்கே சேர்ந்தபின், காலை நேர மறைக்கல்வியைத் தவறவிடாதீர்கள். முந்தைய இரவின் களைப்பைக் காரணம் காட்டி நான் ஒருநாள் போகாமலிருந்தேன். ஆயர் ஒருவரின் முன் அமர்ந்து கேள்வி கேட்கும் வாய்ப்பு எனக்கு மறுபடி கிடைக்கவில்லை. குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தையும் கடைசி நாள்வரை தள்ளிப்போடாதீர்கள். லிஸ்பனின் பெலெம் பகுதிப் பூங்காவில் அதற்கென 150 மர அமைப்புகளை நிறுத்தியிருந்தார்கள். அவற்றைச் செய்தவர்கள் சிறைவாசிகள். திருத்தந்தையும் அங்கே வந்து மூன்று இளையோரின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டார். மொழி தடையாக இருந்தால் உங்கள் குழுவோடு வரும் அருள்பணியாளரிடமே ஒரு மரத்தடியில் அமர்ந்து செய்யுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். ஓராண்டாகக் கடவுள்மீது கொண்டிருந்த கோபத்தை முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையின்போது திருத்தந்தை பிரான்சிஸ், என் வாழ்வில் என்னை அழவைப்பது எது என்று ஒவ்வொருவரும் மனத்துக்குள் விடை சொல்லுமாறு கேட்டு மௌனம் காத்தார். இத்தகைய மௌனங்களே இந்தத் திருப்பயணத்தின் உயிர்நிலை என்பது என் உறுதியான கருத்து. ஆட்டமும் பாட்டும் கொடியசைப்பும் இருக்கட்டும். அவை இளமையின் உரிமை. ஆனால் மௌனம் தொடங்கும்போது கைப்பேசியை அணைத்துப் பைக்குள் வைத்துவிடுங்கள். சனிக்கிழமை இரவு விழிப்பில், தேஜோ ஆற்றங்கரைத் திடலில் சுமார் 15 லட்சம் பேர் கூடியிருந்தோம். நமக்கு ஒளியாக இருந்தவர்களை, பெற்றோரை, தாத்தா பாட்டியை, மறைக்கல்வி ஆசிரியர்களை, ஒரு கணம் நினைத்துப் பார்க்கும்படி திருத்தந்தை கேட்டார். அவர்களே நம் மகிழ்ச்சியின் வேர்கள் என்றார். பின்னர், இயேசுவின் திருவுடலாக நாம் வணங்கும் நற்கருணை ஆராதனைக்காக எழுந்தேற்றம் செய்யப்பட்டது. அத்தனை பெரிய கூட்டம் மூச்சடக்கியதுபோல் அமைதியாயிற்று. என்னைக் கைபிடித்துக் கோயிலுக்கு அழைத்துச் சென்ற அப்பாவின் முகம் தெரிந்தது. என் கேள்விக்கு விளக்கம் எதுவும் வரவில்லை. ஆனால் அவர் இறந்த அறையிலும் இந்த ஆண்டவர் இருந்திருக்கிறார் என்பதை நம்ப முடிந்தது. அதன்பின் விளக்கொளியில் மன்றாட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தேன்.

மறுநாள் ஆகஸ்ட் 6, மலைமேல் சீடர்கள் முன் இயேசு ஒளிமயமாகத் தோன்றியதை நினைவுகூரும் ஆண்டவரின் தோற்றமாற்ற விழா. மலைமேல் கூடாரம் அமைத்துத் தங்கிவிடலாம் என்ற பேதுருவின் ஆசை எங்கள் எல்லோருக்கும் இருந்தது. ஆனால் சீடர்கள் இறங்கித்தான் வந்தார்கள். திருப்பயணத்தின் கடினமான பகுதி அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. ஊர் திரும்பிய இரண்டு வாரங்களுக்குள் ஆன்ம வழிகாட்டி ஒருவரைச் சந்தித்து உங்கள் நோட்டைத் திறந்து பேசுங்கள். மாதம் ஒரு பாவசங்கீர்த்தனம், முதல் வெள்ளிதோறும் ஒரு மணிநேர ஆராதனை என்று நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். பங்கில் ஒரே ஒரு பணியை ஏற்று அதை ஓராண்டு விடாமல் செய்யுங்கள். நான் வாரந்தோறும் படுக்கையில் இருக்கும் நோயாளி ஒருவரைச் சந்திப்பதைத் தேர்ந்துகொண்டேன். திருப்பலிக்குப் பின் அனுபவம் பகிரச் சொன்னால் படங்களைக் குறைத்து, உங்களுக்குள் மாறியது என்ன என்பதைச் சொல்லுங்கள். சில மாதங்களில் உள்ளம் வறண்டுபோகும், பாடல்கள் கண்ணீரை வரவழைக்கா. அதைக் கண்டு, லிஸ்பனில் உணர்ந்ததெல்லாம் மாயை என்று நான் ஒருமுறை முடிவுகட்டப் பார்த்தேன். உணர்ச்சி வடிந்த பின்னும் முழந்தாளிடுகிறவர்களிடம்தான் விசுவாசம் இறங்கி வேர்விடுகிறது என்று என் ஆன்ம வழிகாட்டி பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஆண்டுதோறும் கிறிஸ்து அரசர் பெருவிழாவை ஒட்டி மறைமாவட்டங்களிலும் இளையோர் தினம் கொண்டாடப்படுகிறது; உங்களோடு வந்த குழுவை அன்று மீண்டும் கூட்டுங்கள், பயணம் வர வசதியில்லாத நண்பர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவை அனைத்துக்கும் முன்பாக, வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே, மன்றாட்டு எழுதித் தந்தவர்களின் வீடுகளுக்குப் போங்கள். உங்களுக்காக அந்த இரவில் பெயர் சொல்லிச் செபித்தேன் என்று சொல்லி, அவர்களோடு அமர்ந்து செபமாலையின் ஒரு பத்து மணிகளையாவது சேர்ந்து சொல்லிவிட்டு வாருங்கள்.