இங்கிலாந்தில் தன்பாலின இணையர் சபையில் திருமணம் செய்வது எப்படி: விசுவாசிக்கும் குருவானவருக்கும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இரு ஆண்களோ இரு பெண்களோ 2014 மார்ச் 29 முதல் சட்டப்படி திருமணம் செய்துவருகிறார்கள். அதைச் சபையில் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்களில் பலர், நேராகத் தங்கள் ஆங்கிலிக்கன் கோயில் குருவானவரிடம் போய்த் தேதி கேட்கிறார்கள். ஏமாற்றம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஆங்கிலிக்கன் சபையான இங்கிலாந்து திருச்சபையின் குருவானவர் மனதார விரும்பினாலும் இந்தத் திருமணத்தை நடத்த முடியாது, 2013ஆம் ஆண்டுச் சட்டமே அதைத் தடுக்கிறது. கோயிலில் ஓலை வாசித்து, அதாவது திருமண அறிவிப்பைச் சபையார் முன் வாசித்து, நடத்தும் வழியும் கிடையாது. ஆகவே அவரை வற்புறுத்திப் பயனில்லை.

நடத்தக்கூடிய சபைகள் வேறு இருக்கின்றன. குவேக்கர்கள், யூனிட்டேரியன்கள், 2016 முதல் ஐக்கிய சீர்திருத்த சபை, 2021 முதல் மெதடிஸ்ட் சபை. ஆனால் மெதடிஸ்ட் என்று பெயர்ப்பலகை இருப்பதாலேயே அங்கே நடக்கும் என்று நம்பிவிட வேண்டாம். அந்தந்த ஊர்ச் சபை தனியாக முடிவெடுக்க வேண்டும், அங்குள்ள போதகரும் மனச்சாட்சியின் பேரில் மறுக்கலாம். எனவே முதல் தொலைபேசி அழைப்பிலேயே இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இந்தக் கட்டடம் தன்பாலினத் திருமணத்துக்கென்று தனியாகப் பதிவாகியிருக்கிறதா? நடத்தித்தர போதகர் சம்மதிக்கிறாரா? ஆண்-பெண் திருமணத்துக்கு உள்ள பதிவு இதற்குச் செல்லாது.

குவேக்கர்களுக்குக் கட்டடப் பதிவு தேவையில்லை. அவர்களிடம் போதகரும் இல்லை. எல்லோரும் மௌனமாக அமர்ந்திருக்க, இணையர் எழுந்து ஒருவருக்கொருவர் உறுதிமொழி சொல்வார்கள். வந்திருக்கும் குழந்தைகள் உட்பட எல்லோரும் சான்றிதழில் கையெழுத்திடுவார்கள். எளிமையான ஜெபச் சூழலை விரும்புகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வோம்.

இடம் உறுதியானதும் பதிவாளர் அலுவலகத்தில் திருமண அறிவிப்பு கொடுக்க வேண்டும். இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அவரவர் வசிக்கும் பகுதியில் குறைந்தது 7 நாள் குடியிருந்த பிறகு, நேரில் போய்க் கொடுக்க வேண்டும். பாஸ்போர்ட், முகவரிச் சான்று, முன்பு மணமாகியிருந்தால் விவாகரத்து இறுதி ஆணை அல்லது துணைவரின் இறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் அசல் வேண்டும். அதன்பின் 28 முழு நாள் காத்திருப்பு. ஒருவர் விசாவில் இருக்கிறார் என்றால் இருவரும் சேர்ந்து இதற்கென ஒதுக்கப்பட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டிவரலாம், காத்திருப்பும் 70 நாளாக நீளலாம். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவர்கள் விருந்து மண்டபத்துக்கு முன்பணம் கட்டுமுன் இந்த 70 நாளைக் கணக்கில் வையுங்கள்.

அறிவிப்பு 12 மாதம் செல்லும், ஆனால் அதில் எழுதிய இடத்துக்கு மட்டும். இடத்தை மாற்றினால் மறுபடி அறிவிப்பு, மறுபடி காத்திருப்பு. சபையில் நடப்பதானால் திருமண அட்டவணை என்ற தாளை அலுவலகத்திலிருந்து முன்கூட்டியே வாங்கி வரவேண்டும், அந்தத் தாள் இல்லாமல் அன்று திருமணம் நடக்காது. இணையரும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டபின் 21 நாளுக்குள் அதைத் திருப்பிக் கொடுங்கள். அது பதிவான பிறகே சான்றிதழ் கிடைக்கும்.

ஆங்கிலிக்கன் கோயிலை விட மனமில்லை என்றால், பதிவாளர் அலுவலகத்தில் மணம், பிறகு கோயிலில் ஜெபம் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். பதிவாளர் முன் வேத வாசிப்பும் கீர்த்தனையும் கூடாது. 23ஆம் சங்கீதத்தை அச்சடித்துக்கொண்டு போனால் அதை வாசிக்க விடமாட்டார்கள், கோயிலுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 17 முதல், ஞாயிறு ஆராதனை போன்ற வழக்கமான ஆராதனைக்குள் இணையருக்காக ஜெபிக்க அனுமதி உண்டு. அதில் திருமண உறுதிமொழியும் மோதிரம் மாற்றுவதும் இல்லை. இதையே தனி ஆராதனையாக நடத்த, திருச்சபையின் சட்டமன்றமான ஜெனரல் சினாடின் மூன்று அவைகளிலும் (பேராயர்கள், குருவானவர்கள், விசுவாசிகள்) மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்பது பேராயர்களின் நிலை. இந்த ஜெபத்துக்கும் குருவானவர் மறுக்கலாம், மறுத்தால் பக்கத்துக் கோயிலில் கேளுங்கள்.

இந்தியாவில் இந்தத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை, உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று அதை வழங்க மறுத்துவிட்டது. எனவே ஊரில் வங்கிக் கணக்கு, சொத்து இருந்தால் உயிலும் நியமனதாரர் படிவமும் துணைவர் பெயரில் தெளிவாக எழுதி வையுங்கள். இலங்கையில் தன்பாலின உறவைக் குற்றமாக்கும் சட்டப் பிரிவுகள் இன்னும் நீக்கப்படவில்லை.

இணையரில் ஒருவர் இங்கிலாந்து திருச்சபையின் குருவானவர் என்றால் கதை மாறுகிறது. 2005 முதல் அவர் சிவில் கூட்டாண்மை (திருமணம் என்ற பெயரில்லாமல் இணையராகச் சட்டப்படி பதிவுசெய்வது) செய்துகொள்ளலாம், உடலுறவு இல்லை என்று பேராயருக்கு உறுதி சொல்ல வேண்டும் என்பதே விதி. திருமணம் கூடாது என்று பேராயர்கள் 2014 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அந்த ஆண்டே மணம் செய்த ஜெரமி பெம்பர்டனுக்கு மருத்துவமனைக் குருவானவர் பணிக்கான உரிமம் மறுக்கப்பட்டது, மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் 2018இல் அவர் தோற்றார். அதே 2014 அறிவிப்பு, மணமான சாதாரண விசுவாசிக்கு நற்கருணையை மறுக்கக் கூடாது என்கிறது. பந்தியில் அமரத் தடையாக இல்லாத திருமணம் பந்தி பரிமாறுகிறவரின் ஊழியத்தைப் பறிப்பது அநியாயம் என்றே நினைக்கிறோம்.

ஆனாலும் விதி இருக்கும்வரை அதன்படியே திட்டமிட வேண்டும். சிவில் கூட்டாண்மையைத் திருமணமாக மாற்றுவது வெறும் காகித வேலை போலத் தெரியும், சபை அதையும் திருமணமாகவே பார்க்கும். குருத்துவப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறவர், மணம் முடித்தபின் விண்ணப்பித்தால் குருவானவராக அபிஷேகம் கிடைக்காது என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஊழியத்தில் இருப்பவர் அறிவிப்பு கொடுக்குமுன் பேராயரைச் சந்தித்து, அவர் சொல்வதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குடியிருக்கும் வீடு சபையுடையது என்றால், உரிமம் போனால் எத்தனை நாளில் காலிசெய்ய வேண்டும் என்பதையும் அன்றே கேளுங்கள்.