முதுகில் நீர் எடுக்கச் சொன்னால் செய்யக் கூடாத தவறுகள்

காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, கழுத்தைக் குனிய முடியவில்லை, ஆளும் கொஞ்சம் உளறுகிறார். மூளைக்காய்ச்சலா என்று பார்க்க முதுகுத்தண்டு நீர் எடுக்கணும் என்று டாக்டர் சொன்னதும் சொந்தத்தில் யாராவது ஒருவர், "முதுகுல ஊசி போட்டா கால் விளங்காமப் போயிடும், கையெழுத்துப் போடாதீங்க" என்பார். அதைக் கேட்டு மறுப்பதுதான் பெரிய தவறு. பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதுகெலும்பின் இடுப்புப் பகுதியில் முதல் அல்லது இரண்டாவது எலும்போடு முடிந்துவிடுகிறது. ஊசி இறங்குவது அதற்கும் கீழே, 3-க்கும் 4-க்கும் அல்லது 4-க்கும் 5-க்கும் இடையில். அங்கே இருப்பது நீரில் மிதக்கும் நரம்பு இழைகள், ஊசி பட்டால் பெரும்பாலும் விலகிக்கொள்ளும். காலில் சுரீரென்றால் அசையாமல் வாயால் சொல்லுங்கள், அவ்வளவுதான். எதனால் வந்த மூளைக்காய்ச்சல், சாதாரண பாக்டீரியாவா, டிபி கிருமியா என்று தெரியாமல் நாட்கள் போவதுதான் உண்மையான ஆபத்து.

அடுத்தது, மாத்திரையை மறைப்பது. ஸ்டென்ட் வைத்தவர்கள், வார்ஃபரின், குளோபிடோக்ரல் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் உள்ளே ரத்தம் கட்டி நரம்பை அழுத்தலாம். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

வலிப்பு வந்திருந்தாலோ, ஒரு பக்கம் கை கால் இழுத்திருந்தாலோ, நினைவு மங்கியிருந்தாலோ முதலில் சிடி ஸ்கேன் எடுப்பார்கள், மூளைக்குள் அழுத்தம் ஏறியிருக்கும்போது நீர் எடுத்தால் மூளை கீழே இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால். சரி, ஆனால் ஸ்கேனுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் ஆன்டிபயாடிக் காத்திருக்கக் கூடாது. போட்டாச்சா என்று தயங்காமல் கேளுங்கள்.

அப்புறம், நீர் எடுத்த பிறகு சிலருக்கு வரும் தலைவலி. உட்கார்ந்தால் வலிக்கும், படுத்தால் குறையும். இதைத் தடுக்க நாள் முழுக்கத் தலையணை இல்லாமல் படுக்க வைப்பதால் பலன் இல்லை. ஊசியின் முனைதான் முக்கியம்: வெட்டும் முனை கொண்ட வழக்கமான ஊசியில் 100-ல் 11 பேருக்கு வந்த தலைவலி, பென்சில் மாதிரி முனையில் 4 பேருக்குத்தான் வந்தது என்று 2018-ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு சொல்கிறது. அந்த ஊசி கிடைக்குமா என்று கேட்பதில் தப்பே இல்லை. சில நாளாகியும் வலி விடாவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள், நோயாளியின் சொந்த ரத்தத்தையே ஊசி போட்ட இடத்தில் செலுத்தி, ஊசி போட்ட ஓட்டையை அடைக்கும் வைத்தியம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு கால் மரத்துக்கொண்டே போனாலோ, சிறுநீர் போகவில்லை என்றாலோ, திரும்பக் காய்ச்சல் அடித்தாலோ, ஊசி போட்ட இடத்தில் நீர் கசிந்தாலோ விடியட்டும் என்று இருக்காமல் அந்த ராத்திரியே கிளம்புங்கள்.