டேப்லெட் ரிமோட்டாக மட்டும் இருக்கட்டும்

டேப்லெட்டிலிருந்து ஹை-ஃபைக்குப் புளூடூத்தில் பாட்டை அனுப்பாதீர்கள். பாடல்கள் உள்ள ஹார்ட் டிஸ்க்கை ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியில் செருகி, அதிலிருந்து யுஎஸ்பி டாக் (DAC, டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் கருவி) வழியாக ஆம்ப்ளிஃபயருக்கு இணைப்புக் கொடுங்கள். கணினியில் வால்யூமியோ என்ற இசை மென்பொருளின் இலவசப் பதிப்பை நிறுவினால், டேப்லெட்டின் பிரவுசரிலேயே உங்கள் முழுத் தொகுப்பும் அட்டைப் படங்களோடு விரியும். தொட்டால் பாடும்.

குறுந்தகட்டின் ஒலி நொடிக்கு 1,411 கிலோபிட். புளூடூத்தின் அடிப்படை முறையான எஸ்பிசியில் அது வழக்கமாக 328 கிலோபிட்டுக்குள் சுருங்கிவிடுகிறது. தம்புராவின் மெல்லிய அதிர்வு போன்ற நுணுக்கங்களுக்கு இது அநியாயம். இந்த ஏற்பாட்டில் டேப்லெட் கட்டளையை மட்டுமே அனுப்புகிறது. பாட்டு டிஸ்க்கிலிருந்து நேராக டாக்குக்குப் போகிறது. திரை அணைந்தாலும், டேப்லெட்டை அடுத்த அறைக்கு எடுத்துப் போனாலும் ஆலாபனை அறுபடாது. ரௌட்டரில் அந்தக் கணினிக்கு நிலையான ஐபி முகவரி ஒதுக்கிவிடுங்கள். பிரவுசரில் அதன் முகவரியைத் தினமும் தேடும் தொல்லை இருக்காது.

டிஎல்என்ஏ (வீட்டு நெட்வொர்க்கில் கருவிகளுக்கிடையே பாட்டு, படம் பகிரும் முறை) செயலிகளில் கவனம் தேவை. அவற்றுள் பல, பாடல் வரிசையை டேப்லெட்டிலேயே வைத்திருப்பதால், அது உறங்கியதும் நடப்புப் பாட்டோடு நின்றுவிடும். நீங்கள் கேட்பதெல்லாம் யூடியூப் பாடல்கள்தான் என்றாலோ, வீட்டில் இருப்பது சிறிய புளூடூத் ஸ்பீக்கர் மட்டும் என்றாலோ இந்தச் செலவு வேண்டாம்.