வலிப்பு மாத்திரையும் தோல் உரிதலும்: மரபணு விஷயத்தில் செய்யக்கூடாத தவறுகள்

கார்பமாசெபின், வலிப்புக்கும் முக நரம்பு வலிக்கும் காலங்காலமாக எழுதிக்கொடுக்கப்படும் மாத்திரை. பெரும்பாலானவர்களுக்கு நன்றாகவே ஒத்துக்கொள்ளும். மிகச் சிலருக்கு மட்டும் வாய், கண், தோல் எல்லாம் வெந்து உரிந்துவிடும். இதை ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் என்கிறார்கள். உடம்பில் 30 சதவீதத்துக்கு மேல் தோல் உரிந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அந்த நிலைக்குப் போனவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பிழைப்பதில்லை. வழக்கமான அளவில் சாப்பிட்டாலும் இது வரும்.

2004-ல் தைவான் ஆய்வாளர்கள், இந்த மாத்திரையால் இப்படிப் பாதிக்கப்பட்ட ஹான் சீனர்கள் 44 பேரைப் பரிசோதித்தார்கள். 44 பேரிடமும் எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை இருந்தது. இதைக் கேட்டதும் "அது சீனர்கள் பிரச்சினை, நமக்கென்ன" என்று விட்டுவிடுவதுதான் முதல் தவறு. இந்தியர்களில் சராசரியாக 2 முதல் 4 சதவீதம் பேரிடம் இது உண்டு என்று இந்த மருந்துக்கான அமெரிக்க எச்சரிக்கைக் குறிப்பே சொல்கிறது. சிங்கப்பூரில் 2013 முதல், ஆசிய வம்சாவளியினர் யாருக்கும் புதிதாக இந்த மாத்திரையைத் தொடங்குமுன் பரிசோதிப்பதே முறை. அங்குள்ள தமிழர்களுக்கும் அதுதான். நம் ஊரில் நாமாகக் கேட்க வேண்டியிருக்கலாம். தயங்காமல் கேளுங்கள். மரபணு மாறப்போவதில்லை என்பதால் வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்தால் போதும்.

பாசிட்டிவ் என்று வந்தால் இடிந்துபோக வேண்டாம். இந்த வகை உள்ளவர்களில் பெரும்பாலோர் மாத்திரை சாப்பிட்டாலும் அவர்களுக்கு இந்த நோய் வருவதில்லை. ஆனாலும் வேறு மருந்து இருக்கும்போது அந்த ஆபத்தை விலைக்கு வாங்கத் தேவையில்லை. நெகட்டிவ் வந்தவர்களும் முதல் சில மாதங்கள் கவனமாக இருக்க வேண்டும். வேறு மரபணு வகைகளும் காரணமாகலாம்.

மருத்துவர்களே சறுக்கிய ஓர் இடம் உண்டு. ஹாங்காங்கில் 2008-ல் இந்தப் பரிசோதனை நடைமுறைக்கு வந்தது. கார்பமாசெபினால் வரும் தோல் நோய் நின்றது. ஆனால் பரிசோதனை செய்து முடிவுக்குக் காத்திருப்பதற்குப் பதில் பலர் ஃபெனிட்டாய்ன் போன்ற வேறு மருந்துகளுக்குத் தாவிவிட்டார்கள். அவற்றாலும் இதே நோய் வரும். வலிப்பு மருந்துகளால் தோல் உரிந்தவர்களின் மொத்த விகிதம் குறையவே இல்லை. "பரிசோதனை எதற்கு, வேறு மாத்திரை தருகிறேன்" என்று சொன்னால், அந்த மாத்திரைக்கும் இந்த ஆபத்து உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொரு பக்கம், ஐந்தாறு வருடமாக இதே மாத்திரையில் வலிப்பில்லாமல் இருப்பவர் இதைப் படித்துவிட்டுத் தானாக நிறுத்துவது மிகப் பெரிய தவறு. இந்த நோய் வருவதானால் அநேகமாக முதல் சில மாதங்களிலேயே வந்துவிடும். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் அடுத்தடுத்து வரும் அபாயம் இருக்கிறது.

நம் வீடுகளில் எனக்கு அதிகம் பயம் தருவது, இதை அம்மை என்று நினைத்துவிடுவதுதான். ஆரம்பம் அப்படித்தான் இருக்கும்: காய்ச்சல், தொண்டை வலி, கண் எரிச்சல். ஓரிரு நாளில் மார்பிலும் முகத்திலும் சிவப்புத் திட்டுகள். வேப்பிலை கட்டிவிட்டு, தண்ணீர் ஊற்றும் நாளுக்குக் காத்திருப்பார்கள். மாத்திரை மட்டும் வேளாவேளைக்கு உள்ளே போய்க்கொண்டிருக்கும். கவனிக்க வேண்டியது வலியை. தொட்டாலே தோல் எரிகிறதா, உதடு புண்ணாகி எச்சில் விழுங்க முடியவில்லையா, சிறுநீர் கழிக்கும்போது எரிகிறதா? புதிதாக மருந்து தொடங்கியவருக்கு இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். எதை நிறுத்துவது, வலிப்புக்கு அதற்குப் பதிலாக எந்த மருந்தைக் கொடுப்பது என்று அங்கே பார்த்துக்கொள்வார்கள்.

பிழைத்து வீடு திரும்பியவர்கள் "ஏதோ வலிப்பு மாத்திரை" என்று மட்டும் நினைவில் வைத்திருந்தால் போதாது. ஒரே மருந்து பல கம்பெனிப் பெயர்களில் கடையில் கிடைக்கிறது. மூலப்பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பர்ஸில் வைத்திருங்கள். கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்: பெற்றோரில் ஒருவரிடம் இந்த மரபணு வகையின் ஒரு பிரதி இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர ஐம்பது சதவீத வாய்ப்பு.