மூச்சுக்குழாயிலும் உணவுக்குழாயிலும் டிபி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுவோம். வார்டுக்குப் புதிதாக வரும் இளம் மருத்துவர்கள் திரும்பத் திரும்ப வழுக்கி விழும் இடங்கள் வேறு.

வீசிங் என்றாலே ஆஸ்துமாவா?

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். இளம்பெண், மாதக்கணக்கில் இருமல், மூச்சில் விசில் சத்தம். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, சளியிலும் கிருமி இல்லை. உடனே இன்ஹேலர். கேட்காவிட்டால் டோஸ் கூடும், அப்புறம் ஸ்டீராய்டு மாத்திரை. அதில் வீக்கம் சற்று வடிந்து சில நாள் நிம்மதி கிடைக்கும். அதையே ஆஸ்துமாவுக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்வார்கள். மூச்சுக்குழாய்ச் சுவரில் உட்கார்ந்திருக்கும் டிபி அதுபாட்டுக்கு அரித்துக்கொண்டிருக்கும்.

இந்த வகை டிபியில் 10 முதல் 20 சதவீதம் பேருக்கு எக்ஸ்ரே இயல்பாகவே இருக்கலாம். எனவே ஸ்டெதாஸ்கோப்பை அவசரப்படாமல் வையுங்கள். ஆஸ்துமாவில் நெஞ்சு முழுக்கப் பல சுருதியில் சத்தம் கேட்கும். ஒரு குழாய் மட்டும் குறுகியிருந்தால் ஒரே இடத்தில் ஒரே சுருதிதான். அப்படிக் கேட்டால் சிடி, பிராங்கோஸ்கோபி (மூச்சுக்குழாய்க்குள் கருவி விட்டுப் பார்ப்பது). அது முடிந்த பிறகு வரும் சளியையும் பரிசோதனைக்கு அனுப்புங்கள், சில சமயம் கிருமி அதில்தான் சிக்கும்.

பை நிறைய இன்ஹேலரோடு ஒருவர் வந்தார். இடது பக்கம் மட்டும் மூச்சொலி மங்கல். உள்ளே பார்த்தால் இடது பிரதான மூச்சுக்குழாயின் வாய் குண்டூசித் தலையளவுக்குச் சுருங்கியிருந்தது, கருவி நுழையவில்லை. டிபி மருந்தில் கிருமி செத்தது, தழும்பு இளகவில்லை. பலூனால் விரிப்பதும் அது மறுபடி சுருங்குவதுமாக அலைந்தார். சீக்கிரம் கண்டுபிடித்தாலும் சிலருக்குக் குறுகத்தான் செய்யும், சரி. ஆனால் இவருக்கு அந்த வாய்ப்பையே யாரும் தரவில்லை.

காரணம் தெரியாத இருமலுக்கு லீவோஃப்ளாக்சசின்

வேண்டாம். இந்த ஆன்டிபயாடிக் டிபியையும் அரைகுறையாக அடக்கி ஆளை ஏமாற்றும்.

தண்ணீர் குடித்ததும் இருமல்

மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்துக்குக் கீழே உள்ள நிணநீர்க் கணு டிபியால் அழுகி இருபுறமும் உடைத்துக்கொண்டால், மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே துளை விழும். ஒவ்வொரு மடக்குக்கும் இருமல் வரும். இதை வெறும் புரையேறல் என்று தள்ளிவிடாதீர்கள். எக்ஸ்ரே படத்தில் துளை தெரிவதற்காகக் குடிக்கக் கொடுக்கும் திரவமாகக் காஸ்ட்ரோகிராஃபின் கொடுக்காதீர்கள், நுரையீரலுக்குள் போனால் நீர் கோத்துவிடும். நீர்த்த பேரியம் போதும். துளையை உள்ளிருந்து மறைக்கும் ஸ்டென்ட் குழாய்க்கும் பறக்க வேண்டாம். மூக்குவழிக் குழாயில் உணவு, கூடவே டிபி மருந்து என்று கொடுத்தால் பல துளைகள் தாமாகவே மூடிக்கொள்ளும். மூடாதவற்றுக்கு அறுவை சிகிச்சை இருக்கவே இருக்கிறது.

மூச்சுக்குழாயில் சுண்ணாம்புக் கல்

பழைய டிபி கணு சுண்ணாம்பாக இறுகி மூச்சுக்குழாய்க்குள் துருத்தும் கல் இது. பிடுங்காதீர்கள். அதன் பின்னால் ரத்தக்குழாய் இருக்கலாம்.

விழுங்க முடியாவிட்டால் புற்றுநோய்தானா?

உணவுக்குழாயின் நடுப்பகுதியில் புண்ணோ அடைப்போ இருந்தால் புற்றுநோய், டிபி இரண்டையும் நினையுங்கள். மேலாகக் கிள்ளிய ஒரு துண்டில் டிபி தெரியாமல் போகலாம், ஆழமாகப் பல இடங்களில் எடுங்கள். எல்லாத் துண்டுகளையும் ஃபார்மலினில் போட்டுவிட்டு 'கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பலாமா சார்' என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஃபார்மலினில் கிருமி செத்துவிடும். ஒரு துண்டை முதலிலேயே சலைனில் போட்டுத் தனியாக அனுப்புங்கள்.